பிள்ளையை ‘சைக்கோ’ என்று சொல்வதற்கு முன்



ஊர் உறவுகளுக்கும் நம் வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளின் உம்மா வாப்பாமாருக்கும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

சில வாரங்களாக பேராதனை, கெலிஓயா, கம்பளைப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. தொடர் கொலைகாரர்களிடம் சிறுவயதிலேயே மூன்று அடையாளங்கள் இருக்குமாம். வளர்ந்த பிறகும் படுக்கையில் சிறுநீர் கழிப்பது, நெருப்பு வைத்து விளையாடுவது, மிருகங்களை வதைப்பது. கடைசியில், “உங்கள் பிள்ளையிடம் இது இருக்கிறதா, கவனியுங்கள்” என்று பயமுறுத்தும் இசையோடு முடிகிறது. அதைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் சிலர் நம்மிடம் வந்து, தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள்: “என்ட மகன் எட்டு வயசாகியும் இரவில நனைக்கிறான், இது அதுவா?”

அதே நாட்களில் இன்னொன்றும் நடந்தது. நம் பிரதேசத்து மாணவன் ஒருவன் தன் கொப்பியின் பின்பக்கத்தில், தன்னைச் சீண்டுகிறவர்களைக் கொல்வதுபோல எழுதி, படமும் வரைந்து வைத்திருந்தான். யாரோ அதைப் போனில் படம் பிடித்தார்கள். இரண்டு நாளில் அது பல குழுக்களுக்குப் போய்விட்டது. ‘சைக்கோ’ என்று பெயரும் வைத்தாயிற்று. இப்போது அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வருவதில்லை. எந்தப் பாடசாலை, யாருடைய மகன் என்று கீழே யாரும் கேட்க வேண்டாம். சொல்ல மாட்டோம்.

இந்த இரண்டையும் சேர்த்துத்தான் இன்று பேச நினைக்கிறோம். கொலைகாரர்களின் மனதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் உண்மையில் என்ன சொல்கிறார்கள்? ஒரு பிள்ளையின் மனதில் வன்முறைக் கற்பனை இருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? நாம் என்ன செய்ய வேண்டும்?

முதலில் அந்த மூன்று அடையாளங்கள். இவற்றைச் சேர்த்துச் சொன்னவர் மெக்டொனால்ட் என்ற மனநல வைத்தியர். அமெரிக்காவில் 1963இல் எழுதிய ஒரு கட்டுரையில் சொன்னார். அவர் பார்த்தவர்கள் தொடர் கொலைகாரர்கள் அல்லர், கொல்லப்போவதாக மிரட்டிய நோயாளிகள். பின்வந்த ஆய்வுகளில், இந்த மூன்றையும் வைத்து ஒரு கொலைகாரனை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்பது நிரூபிக்கப்படவில்லை. படுக்கையில் நனைப்பது பெரும்பாலும் உடல் வளர்ச்சி சம்பந்தப்பட்டது. ஆழ்ந்த தூக்கம், குடும்பத்தில் வாப்பாவுக்கோ மாமாவுக்கோ அப்படி இருந்தது, சில வேளை மனப்பயம். டொக்டரிடம் காட்டினால் வழி சொல்வார். அதற்காக ஒரு பிள்ளையைச் சொந்தக்காரர் முன்னால் வெட்கப்படுத்துவதுதான் பாவம். மிருகத்தை வதைப்பது வேறு விஷயம். அதைக் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கேயும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “இந்தப் பிள்ளையை யார் வதைக்கிறார்கள்?” என்பதுதான்.

இனிக் கற்பனைக்கு வருவோம்.

அமெரிக்காவில் எப்.பி.ஐ. அதிகாரிகளான ரொபர்ட் ரெஸ்லர், ஜோன் டக்ளஸ் ஆகியோரும் ஆன் பேர்ஜஸ் என்ற தாதியியல் பேராசிரியையும் சேர்ந்து, பாலியல் நோக்கில் கொலை செய்த 36 பேரின் வாழ்க்கையை ஆராய்ந்தார்கள். சிறைகளுக்குப் போய் அவர்களோடு நேரில் பேசிச் சேர்த்த தகவல்கள் அவை. 1988இல் அது நூலாக வந்தது. அவர்கள் கண்டது இது: கொலைக்கு நெடுங்காலம் முன்பே இவர்களில் பலருடைய மனதுக்குள் கொலை நடந்துகொண்டிருந்தது. சிறுவயதில் அடி, அவமானம், பாலியல் துன்புறுத்தல், கவனிப்பாரற்ற நிலை. அதிலிருந்து தப்பித்துப் போய் ஒளிந்துகொள்ள ஒரு கற்பனை உலகம். வெளியில் எதற்கும் சக்தியில்லாத பிள்ளை அந்த உலகத்தில் எல்லாவற்றையும் ஆட்டிப்படைக்கிறான். வயது ஏற ஏற அந்த உலகம் கொடூரமாகிறது. வெளியுலகத்தில் நண்பர் இல்லை, பேச ஆள் இல்லை, தடுக்கவும் ஆள் இல்லை.

அதற்கு அடுத்த வருடம், 1989இல், பிரென்ட்கி என்பவரின் குழு 25 தொடர் கொலைகாரர்களையும், ஒரேயொரு கொலை செய்த 17 பேரையும் ஒப்பிட்டது. தொடர் கொலைகாரர்களில் 86 வீதமானோரிடம் வன்முறைக் கற்பனை இருந்ததற்கான சான்று கிடைத்தது. மற்றவர்களிடம் அது 23 வீதம்தான்.

இதை மட்டும் வாசித்தால், “அப்படியானால் அந்த வீடியோ சொல்வது சரிதானே, அந்தக் கொப்பிப் பக்கம் ஆபத்துத்தானே” என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். நம் கணித ஆசிரியர்கள் சொல்வதுபோல, கணக்கை மறுபக்கத்திலிருந்தும் செய்து பார்க்க வேண்டும்.

கென்ரிக், ஷீட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1993இல் சாதாரணப் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். “யாரையாவது கொல்வதுபோல எப்போதாவது நினைத்திருக்கிறீர்களா?” பெரும்பாலான ஆண்களும், பாதிக்கு மேற்பட்ட பெண்களும் “ஆம்” என்றார்கள். டேவிட் பஸ் என்ற பேராசிரியர் 2005இல் வெளியிட்ட நூலில் இந்த எண்ணிக்கை இன்னும் கூடுதல்: ஆண்களில் 91 வீதம், பெண்களில் 84 வீதம். இவர்கள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, பிள்ளை வளர்க்கும் சாதாரண மனிதர்கள். ஏமாற்றிய காதலன், அவமானப்படுத்திய முதலாளி, காணி பிடித்த பக்கத்து வீட்டுக்காரன். ஒரு நிமிடம் மனதில் வெட்டிப் போட்டுவிட்டு, அடுத்த நிமிடம் தேநீர் ஊற்றப் போனவர்கள்.

மகாவலியில் மூழ்கிப் போனவர்கள் எல்லோரும் அன்று காலையில் தேநீர் குடித்திருப்பார்கள். அதற்காகத் தேநீர் குடிக்கிற எல்லோரையும் ஆற்றங்கரையில் நின்று காவல் காக்க முடியுமா? கொலைகாரர்களில் பலருக்குக் கற்பனை இருந்தது என்பது உண்மை. கற்பனை உள்ளவர்களில் கொலைகாரர் ஆகிறவர் மிக மிகச் சிலர்தான் என்பதும் அதேயளவு உண்மை. இந்த இரண்டாவது உண்மையைத்தான் அந்த வீடியோ சொல்வதில்லை.

நம் பிள்ளைகளுக்கு இது புதிய பாடமும் அல்ல. உள்ளத்தில் வந்துபோகும் ஊசாட்டம், சொல்லாகவோ செயலாகவோ ஆகாத வரை அதற்குக் குற்றம் பிடிக்கப்படாது என்பது மத்ரஸாவில் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுக்கப்படுகிறது. காபில், ஹாபிலின் சரித்திரத்திலும் கை ஓங்குவதற்கு முன் ஒரு கட்டம் இருக்கிறது. சகோதரனைக் கொல்வதை அவனுடைய நப்ஸ் அவனுக்கு லேசாக்கிக் காட்டிய கட்டம். எண்ணம் வருவதற்கும், அந்த எண்ணம் லேசாகிப் போவதற்கும் இடையில் ஒரு தூரம் இருக்கிறது. பெற்றோரும் ஆசிரியரும் நிற்க வேண்டிய இடம் அந்தத் தூரம்தான்.

அப்படியானால் ஒரு கற்பனையை ஆபத்தாக மாற்றுவது எது?

இங்கிலாந்தில் மெக்குலொக் என்பவரும் அவருடைய குழுவும் 1983இல் ஒரு விசேட மனநல வைத்தியசாலையில் 16 குற்றவாளிகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 13 பேரிடம் ஒரே வகையான பாதை தெரிந்தது. முதலில் மனதுக்குள் மட்டும். நாளாக நாளாக அதே கற்பனை சப்பென்று போகிறது. அதற்குப் பிறகு வெளியில் சின்னச் சின்ன ஒத்திகை: ஒருவரைப் பின்தொடர்வது, வீட்டைச் சுற்றி நோட்டம் பார்ப்பது. அந்த ஒத்திகை திரும்பவும் கற்பனைக்குத் தீனி போடுகிறது. அடுத்த ஒத்திகை இன்னும் ஒரு படி கூட.

ஆகவே கவனிக்க வேண்டிய இடம் செயல். குறிப்பிட்ட ஒரு ஆளின் பெயர் வருகிறதா? திட்டம், நாள், இடம் என்று போகிறதா? ஆயுதம் தேடுகிறானா? யாரையாவது பின்தொடர்கிறானா, சின்னப் பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிடுகிறானா, மிருகங்களைத் திரும்பத் திரும்ப வதைக்கிறானா? இப்படி ஏதாவது இருந்தால் அது மறைக்கக்கூடிய விஷயம் அல்ல. “நம்ம குடும்ப மானம்” என்று மூடிவைத்தால் நாளைக்கு வேறொரு வீட்டுப் பிள்ளை பலியாகும். இதில் நாம் யாருக்கும் சலுகை கேட்கவில்லை. கொப்பியில் ஒரு கோபப் படம் இருப்பதையும் இதையும் ஒன்றாக்காதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

‘சைக்கோ’ என்ற சொல் ஏன் ஆபத்து என்பதற்கு நமது பக்கத்திலேயே உதாரணங்கள் உண்டு.

தமிழ்நாட்டில் ஆட்டோ சங்கரை அறியாதவர் குறைவு. 1980களின் கடைசியில் சென்னை திருவான்மியூர்ப் பகுதியில் ஆறு பேரைக் கொன்ற வழக்கு. 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டான். இன்றைக்கும் அவனை ஒரு மிருகமாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்த வழக்கின் பின்னால் இருந்தது கள்ளச் சாராயம், விபச்சாரத் தொழில், பணம், தன்னை யாரும் தொடமாட்டார்கள் என்ற தைரியம். மும்பையில் 1968இல் பிடிபட்ட ராமன் ராகவ் முற்றிலும் வேறு கதை. நடைபாதையிலும் குடிசையிலும் தூங்கிய ஏழைகளை இரவில் அடித்துக் கொன்றவன். அவனுக்குத் தீராத மனநோய் என்று வைத்தியர்கள் சொன்னதால், 1987இல் உயர்நீதிமன்றம் அவனுடைய மரண தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றியது. ஒருவனுக்குப் பணமும் அதிகாரமும், மற்றவனுக்கு நோய். இரண்டு பேருக்கும் ‘சைக்கோ’ என்ற ஒரே முத்திரையைக் குத்தினால் எதையும் விளங்கிக்கொள்ள முடியாது. போதாக்குறைக்கு, யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாமல் மருந்து குடித்துக்கொண்டு வாழும் ஆயிரக்கணக்கான மன நோயாளிகள் மீதும் அந்த முத்திரை விழுகிறது.

நமது நாட்டிலேயே கஹவத்தை, கொட்டகெத்தனப் பக்கத்தில் 2008 முதல் பல வருடங்களாகப் பெண்கள், பெரும்பாலும் வயதானவர்கள், ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட்டார்கள். ஒரே ஒரு மர்மக் கொலைகாரன் என்று ஊர் நடுங்கியது. வெவ்வேறு சம்பவங்களுக்கு வெவ்வேறு ஆட்கள் கைதானார்கள். 2011 ஆகஸ்டில் கிறீஸ் மனிதன் பீதி நாடு முழுக்கப் பரவியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நமது ஊர்களிலும் இளைஞர்கள் தடியோடு இரவு முழுக்க விழித்திருந்தார்கள். அந்தப் பீதியில் சில இடங்களில் கூட்டம் கூடி ஆட்களை அடித்துக் கொன்றது. அரக்கனைத் தேடிப் போன கூட்டமே கொலைகாரனாகி வந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே கொட்டதெனியாவ. 2015 செப்டம்பரில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இரவில் வீட்டிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டு, கொடுமைப்படுத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். நாடே கொதித்தது. தூக்குத் தண்டனையை மீண்டும் கொண்டுவா என்று எல்லாப் பக்கமும் குரல். யாரையாவது உடனே பிடிக்க வேண்டும் என்ற அழுத்தம். முதலில் 17 வயதுப் பாடசாலை மாணவன் ஒருவனையும் இன்னொருவரையும் பிடித்தார்கள். மரபணுப் பரிசோதனை பொருந்தவில்லை. விடுவித்தார்கள். தடுப்பில் தன்னை அடித்துத் துன்புறுத்தியதாக அந்த மாணவன் பிறகு சொன்னான். அடுத்ததாக, ஒரு பட்டப்பெயரால் நாடே அறிந்த ஒருவர் பிடிபட்டார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று செய்தி வந்தது. அவருடைய மரபணுவும் பொருந்தவில்லை. கடைசியில் பொருந்தியது அவருடைய சகோதரனுடையது. 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அந்தச் சகோதரனுக்கு மரண தண்டனை விதித்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பட்டப்பெயர் நம்மில் பலருக்கு இன்றும் ஞாபகம் இருக்கும். தண்டனை பெற்றவனின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? பெயர் வைக்கும் வேகம் நமக்கு அதிகம், பெயரை அழிக்கும் பொறுமை நமக்கு இல்லை. அந்த 17 வயதுப் பிள்ளை பரிசோதனையால் தப்பினான். நம் ஊர்ப் பிள்ளைக்கு எதிராகப் பொலிஸ் முறைப்பாடுகூட இல்லை. ஒரு போன் படம் மட்டும்தான். அதற்கு எந்தப் பரிசோதனை செய்து அவனை விடுவிப்பது?

“எல்லாம் இந்தப் போனால் வந்த வினை” என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் டெட் பண்டி என்ற தொடர் கொலைகாரன், 1989 ஜனவரியில் தண்டனை நிறைவேற்றப்படுவதற்கு முதல் நாள் கொடுத்த பேட்டியில், ஆபாசப் படங்கள்தான் தன்னை இந்த வழிக்குத் தள்ளின என்றான். பயான்களிலும் கூட்டங்களிலும் இதை அடிக்கடி சொல்வார்கள். போனில் வருகிற அசிங்கம் பிள்ளைகளுக்குக் கேடு என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. கெட்டுப்போன கற்பனைக்கு அது தீனியாகும். ஆனால் வாழ்க்கை முழுக்கப் பொய் சொல்லி ஆட்களை ஏமாற்றிய ஒருவன், கடைசி நாளில் சொன்ன காரணத்தை அப்படியே நம்ப வேண்டுமா? அதே படங்களைப் பார்த்தவர்கள் கோடிக்கணக்கானோர். பழியைப் போன் மேல் போட்டுவிட்டால், வீட்டில் யார் அடித்தார்கள், வகுப்பில் யார் கேலி செய்தார்கள், எந்த உறவுக்காரர் பிள்ளையைத் தொட்டார் என்ற கேள்விகளிலிருந்து நாம் எல்லோரும் தப்பிவிடலாம். அந்தக் காரணம் நமக்குப் பிடிப்பது அதனால்தான்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. பாடசாலையில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005இலேயே வந்துவிட்டது. ஆனாலும் பிரம்பு முழுக்கப் போய்விடவில்லை. பிரம்பைவிட மோசமானது நாக்கு. வகுப்பின் முன்னால் நிற்கவைத்து “நீ உருப்படமாட்டாய்” என்று சொல்வது, சக மாணவர் பட்டப்பெயர் வைத்துச் சிரிக்கும்போது நாமும் சேர்ந்து சிரிப்பது. கொப்பியின் பின்பக்கத்தில் பிள்ளை எழுதுவது அன்றைக்கு இரவுதான்.

அந்தக் கொப்பிப் பக்கத்தை நாம் எப்படிப் பார்க்கிறோம் தெரியுமா? அந்தப் பிள்ளை சொல்ல ஆள் இல்லாமல் தாளிடம் சொல்லியிருக்கிறான். அது நல்ல காலம். ஆய்வுகளில் வருகிற அந்த மனிதர்களின் கற்பனை யாருக்கும் தெரியாமல், வருடக்கணக்காக உள்ளே கிடந்து புளித்தது. இந்தப் பிள்ளையுடையது வெளியே வந்துவிட்டது. ஒரு பெரியவர் அதை எடுத்துவைத்துக்கொண்டு, “வா மகன், உட்கார். இதில இருக்கிறவங்க யார்? உனக்கு என்ன செய்தாங்க?” என்று கேட்டிருந்தால் போதும். நாம் செய்ததோ நேர்மாறு. ஏற்கெனவே தனிமைப்பட்ட பிள்ளையை முழுத் தனிமையில் தள்ளினோம். எந்தச் சூழலில் கற்பனை நஞ்சாகும் என்று அந்த ஆய்வுகள் சொல்கின்றனவோ, அதே சூழலை நாமே ஊர் கூடிக் கட்டிக் கொடுத்தோம்.

ஆகவே நம் வேண்டுகோள்கள் இவை.

உங்கள் போனில் அந்தப் பக்கம் இருந்தால் அழித்துவிடுங்கள். யாராவது அனுப்பினால், “இது ஒரு பிள்ளையின் அமானிதம்” என்று அங்கேயே சொல்லி நிறுத்துங்கள்.

உங்கள் வீட்டில் இப்படி ஒன்றைக் கண்டால் முதலில் அடிக்காதீர்கள், கத்தாதீர்கள். கேளுங்கள். அன்றைக்கே பதில் வராது. நாலாம் நாள், சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் வரலாம். அதுவரைக்கும் பக்கத்தில் இருங்கள்.

ஓதிப் பார்ப்பதை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அத்தோடு டொக்டரிடமும் காட்டுங்கள். பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நமக்குப் பஸ்ஸில் கொஞ்ச நேரப் பயணம். காய்ச்சலுக்குப் போகிற இடத்துக்கு மனசுக்காகப் போவதில் என்ன வெட்கம்? நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு அழைத்துப் பேசலாம். ஒரு பிள்ளையை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் சிறுவர் பாதுகாப்பு எண் 1929. ஆயுதம், திட்டம், குறிப்பிட்ட ஆள் என்று வந்துவிட்டால் தாமதிக்காமல் பொலிஸுக்கு 119.

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. வருடத்தில் ஒரு தடவையாவது ஒரு மனநல வைத்தியரை அழைத்து, ஜும்ஆவுக்குப் பிறகு பெற்றோரோடு பேச வையுங்கள். உம்மாமாருக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். டியூஷனுக்கும் பரிசளிப்புக்கும் செலவழிக்கிற ஊர் இதற்கும் செலவழிக்கலாம்.

அந்தப் பிள்ளையைத் திரும்ப வகுப்புக்குக் கொண்டுவர ஆசிரியர்கள் சிலர் முயன்று வருகிறோம். அவன் வரும் நாளில் வழியில் யாராவது கண்டால், வழக்கம்போல ஸலாம் சொல்லிவிட்டுப் போங்கள். வேறு எதுவும் வேண்டாம்.